சுவிச்சின் திறப்பு யார் பொக்கற்றில்?

வானொலியில் பாட்டுப் போனால் பாடியவருக்குப் பேர். பாட்டு நின்றால் எங்களுக்குப் பேச்சு. மின்சாரத்துக்குப் பக்கத்தில் நின்று வயிறு வளர்க்கும் நண்பர்களே, இது உங்களுக்கும் பழகிய விசயம்தானே! எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையத்தில் நான் தொழில்நுட்ப உத்தியோகத்தன்.

கட்டிவைத்த கதவு

எங்கள் ஒலிபரப்பு எந்திரம் ஆள் நுழையக்கூடிய ஓர் இரும்பு அலுமாரி. கதவைத் திறந்தால் மின்சாரம் தானாக நிற்கவேண்டும். அந்த ஏற்பாடு பழுதாகி, சும்மா சும்மா ஒலிபரப்பையும் நிறுத்தியதால், கதவு திறந்தாலும் மின்சாரம் நிற்காதபடி நாங்களே அதைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டோம். படித்தவர்கள் செய்கிற வேலை!

ஒரு மாலை, செய்திக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஒலிபரப்பு நின்றது. என்னோடு வேலை செய்த சிவலிங்கம் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு அலுமாரிக்குள் போயிருக்கிறான். அடுத்த அறையிலிருந்து ஓடிவந்த நான், சுவிச்சு தானாக விழுந்துவிட்டதென்று நினைத்துத் தூக்கிப் போட்டேன். அவனுடைய வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவன்தான் கதைத்தான்:

"நீ போட்டது பிழையெண்டு நான் சொல்லேல்லை. நான் உள்ளுக்கை நிக்கிறன் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

வெள்ளிக்கிழமை வகுப்பு

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டே தீருவது என்று முடிவெடுத்தேன். கதவைத் திருத்தக் கொழும்பிலிருந்து சாமான் வரவேண்டும். அது எப்போது வருமோ! அதுவரை மெயின் சுவிச்சுக்கு ஒரு பூட்டுப் போட்டேன். திறப்பு, அதுதான் சாவி, ஒன்றே ஒன்று. உள்ளே போகிறவர் சுவிச்சை நிறுத்திப் பூட்டி, திறப்பைத் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டுதான் போகவேண்டும். இதைப் பழக்க வெள்ளிதோறும் வகுப்பு வைத்தேன். வடை கொடுத்தால்தான் ஆட்கள் வந்தார்கள். நிலையத்தில் மூத்தவரான உரும்பிராய் இரத்தினம் அண்ணை மூன்று வடையை முடித்துவிட்டுச் சொன்னார்:

"இருவது வருசம் கறண்டோடை நிண்டு சாகேல்லை, தம்பி. உம்மடை வகுப்பிலை இருந்துதான் சாகப்போறன்."

பருத்தித்துறை போன திறப்பு

பெருமையாக இருந்தேனா, வந்தது வினை. மத்தியானம் ஒலிபரப்பு இல்லாத ஓர் இடைவேளையில், சுவிச்சைப் பூட்டி அலுமாரியைத் துடைத்துவிட்டு, திறப்போடு பஸ் ஏறிப் பருத்தித்துறை வீட்டுக்குப் போய்விட்டேன். பின்னேரம் மீன்சந்தைப் பக்கம் போனால், படகுக்காரர் ஒருவர் றேடியோவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். காற்று எழும்பும்போல் இருந்ததால் வானிலை அறிவிப்புக்காகச் சனம் காத்திருந்தது. ஒலிபரப்பு தொடங்கவேயில்லை. என் கை தானாகப் பொக்கற்றுக்குப் போனது. வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னேன். கார் பிடிக்க ஓடும்போது அவர் குரல் பின்னால் கேட்டது:

"நாங்கள் கடலுக்குப் போறதோ விடுறதோ எண்டது உங்கடை பொக்கற்றுக்கையோ கிடக்கு, தம்பி?"

பதினொரு நிமிடம்

நிலையப் பொறுப்பதிகாரி பூட்டைக் கழற்றச் சொன்னார். முதலில் என்னை வேலையிலிருந்து கழற்றுங்கள் என்றேன். வாசலில் ஓர் ஆணி அடித்து, உள்ளே வேலை முடிந்ததும் திறப்பை அதில் மாட்டவேண்டும் என்று விதியைத் திருத்தினேன். ஒரு மாதம் பார்ப்போம் என்றார்.

அந்த மாதம் முடியமுன், தேர்த்திருவிழா வர்ணனை போய்க்கொண்டிருக்கையில் ஒலிபரப்பு நின்றது. தொலைபேசி அலறியது. பொறுப்பதிகாரி தானே ஓடிவந்து சுவிச்சைப் பிடித்து இழுத்தார். பூட்டு அசையவில்லை. ஆணியில் திறப்பும் இல்லை. அவர் சுத்தியலைத் தேட, நான் சுவிச்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் விலகவில்லை. பதினொரு நிமிடம் கழித்து, அலுமாரிக்குள்ளிருந்து கருகிய சாமான் ஒன்றோடு இரத்தினம் அண்ணை வெளியே வந்தார். வேறு இணைப்பில் ஓடும் அறை விசிறியின் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. பொறுப்பதிகாரியின் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார், சுவிச்சைப் பார்த்தார். பொக்கற்றிலிருந்து திறப்பை எடுத்து என் கையில் வைத்தார்:

"தம்பி, வெள்ளிக்கிழமை வகுப்பு எத்தினை மணிக்கு?"

ஒலிபரப்பை நிற்காமல் ஓடவைக்கச் சம்பளம் வாங்கிய நான், என் உத்தியோக காலத்தில் பெருமைப்படுவது அது நின்றுகிடந்த அந்தப் பதினொரு நிமிடத்துக்காகத்தான்.