பால் கட்டிய வாரம்

தம்பி பிறந்து வீட்டுக்கு வந்த வாரத்தில் பெரியம்மாவைக் கண்டாலே எனக்குப் பயம். அதற்கு முன் அவர் மீது எனக்குக் கொள்ளைப் பிரியம். அம்மாவைப் பார்த்துக்கொள்ள அவர் கொட்டாஞ்சேனையிலிருந்து பெட்டியும் கையுமாக எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தபோது, லிஃப்ட் வாசலில் போய் நின்று கூட்டிவந்ததே நான்தான்.

பயத்தைத் தொடக்கிவைத்தவர் கனடா மாமி. தம்பி பால் போதாமல் வீறிட்டுக்கொண்டே இருந்தான். இப்படியே எடை குறைந்தால் திரும்பவும் ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டிவரும் என்று தாதி சொல்லியிருந்தார். அப்பா அதைத் தன் அக்காவான மாமியிடம் வீடியோ கோலில் சொன்னார். மாமிக்கு அங்கே இருந்தபடியே எங்கள் வீட்டுக் குசினியில் என்ன கொதிக்கிறது என்பதும் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“பிள்ளை இல்லாதவளைப் பச்சைப் பிள்ளைக்குக் கிட்ட ஏன் விட்டனி? கண்ணூறு பட்டுத்தான் பால் நிண்டிருக்கு.”

அப்பா பேச்சை மாற்றிவிட்டார். எனக்குத்தான் அது மனதில் ஒட்டிக்கொண்டது. பெரியம்மா தம்பியைத் தூக்கும்போதெல்லாம் பக்கத்திலேயே காவல் நின்றேன். போதாதென்று அம்மாவின் மையை எடுத்து அவன் கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு ஒன்றும் அப்பிவிட்டேன். பெரியம்மா பொட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உள்ளங்காலிலையும் ஒண்டு வை, பிள்ளை,” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். தன் கண் படும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது என்று எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

அன்று மத்தியானம் அப்பா வேலைக்குப் போயிருந்தார். பெரியம்மா சுடுதண்ணீரும் துவாயும் எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் அம்மா கத்தினார். முதலில் பாலை நிறுத்தினார், இப்போது அம்மாவையே ஏதோ செய்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுபடி அம்மாவின் சத்தம் கேட்டதும் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். மார்பு இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. பெரியம்மா சூட்டுத் துவாயால் ஒற்றி ஒற்றி, கக்கத்துப் பக்கத்திலிருந்து விரல் நுனிகளால் வட்டம் வட்டமாகத் தடவிக்கொண்டிருந்தார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அழுதார். நான் பெரியம்மாவின் உடுப்பைப் பிடித்து இழுத்தேன்; அம்மாவை விடச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் கையை எடுக்கவில்லை.

“பால் இல்லாமலில்லை, கட்டிப்போய் நிக்குது. இப்பிடிக் கல்லு மாதிரி இருந்தால் சின்னவன் எப்பிடி வாய் வைப்பான்? மெல்ல மெல்ல இளகட்டும்.”

இளகியது. முதலில் ஒரு துளி வந்தது. பிறகு பெரியம்மாவின் மணிக்கட்டில் வழிந்தது. தம்பியைக் கொண்டுவந்து வைத்ததும் அவன் பிடித்துக்கொண்டான். அவன் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தத்தைக் கேட்டு அம்மா அழுதபடியே சிரித்தார். பெரியம்மா துவாயை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனார்.

நானும் பின்னால் போனேன். பயம் போன இடத்தில் பழைய பிரியம் வந்துவிட்டிருந்தது. இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“எனக்கும் ஒருக்கா கட்டினது,” என்றார். “உன்ரை அம்மாதான் தடவி விட்டவ.”

அம்மாவுக்கும் இந்த வேலை தெரியும் என்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது. துவாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல் போன பிறகும் பெரியம்மா அதைப் பிழிந்துகொண்டே நின்றார். பிள்ளை இல்லாத பெரியம்மாவுக்குப் பால் எப்படி வந்தது, அதைக் குடித்திருக்க வேண்டியவர் யார் என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.