அக்கா திறக்கச் சொன்ன கதவு

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் அன்பு அக்கா திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலை என்னும் ஊரில் பிறந்தார். அம்மா சீக்கிரமே இறந்துவிட்டதால் என்னைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கு அனுப்பியவர் அக்காதான். பிறகு செவிலியராகி என்னைக் கல்லூரி வரை படிக்கவைத்தார். தனக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. ஊசி போடுமுன் உதடசைய ஜெபிப்பார். நன்றாக ஊசி போடத் தெரிந்தவருக்கு ஜெபம் எதற்கு என்று கேலி செய்வேன். "சொகம் குடுக்கறது நானாடா?" என்பார்.

நான் தலைமையாசிரியராக இருந்தவன், சபையில் மூப்பன். யாரிடமும் உதவி கேட்காமல் வாழ்ந்ததே என் பெருமை. பக்கவாதம் வந்து அக்கா வேங்கிக்கால் ஊரிலுள்ள என் வீட்டில் படுத்தபோது, முறைபோட்டுக் குளிப்பாட்ட வருவதாகச் சபைப் பெண்கள் சொன்னார்கள். நானே பார்த்துக்கொள்வேன் என்று திருப்பி அனுப்பினேன்.

"வரட்டுமேடா. ஒனக்கும் வயசாவுது" என்றார் அக்கா. நான் கேட்கவில்லை. அவர்கள் மறுபடி வராதபடி காலையில் கதவைத் தாழிட்டுக்கொள்வேன். தம்பி கையால் குளிப்பது அக்காவுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஒரு பௌர்ணமியன்று காலை, அக்காவை நாற்காலிக்குத் தூக்கும்போது என் முழங்கால் மடங்கி இருவரும் விழுந்தோம். அக்காவின் இடுப்பெலும்பு முறிந்தது. என்னால் எழ முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு பாய் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. கூப்பிட வெட்கப்பட்டுக் கிடந்தேன். அக்கா வலியில் துடித்துக்கொண்டிருக்க, நான் என் மானத்தைப் பார்த்தேன்.

அக்காதான் பேசினார். "பலம் தீந்துடுச்சா, மூப்பரே?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "தீந்தா நல்லதுதான். இனிமே ஆண்டவர் பாத்துப்பாரு. நீ பாயக் கூப்புடு."

கூப்பிட்டேன். பாய் தாழ்ப்பாளை நெம்பி உள்ளே வந்தார். அவர் மனைவி முதலில் அக்காவின் சேலையைச் சரிசெய்தார். கிரிவலக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் தாமதமானதால் பாயின் வேனிலேயே மருத்துவமனைக்குப் போனோம்.

அதன்பின் அக்கா எழுந்து உட்காரவே இல்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது, "அத அன்னிக்கே வுட்டுட்டேன். நீ கதவத் தொறந்து வை" என்றார். சபைப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். குளிப்பாட்டும் நேரத்தில் அறையிலிருந்து அக்காவின் சிரிப்புக் கேட்கும். நான் குளிப்பாட்டிய நாட்களில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

நான் திருப்பி அனுப்பியதை மனதில் வைக்காமல் வந்த சபைப் பெண்களுக்கும், வீடு தேடி வந்து திருவிருந்து கொடுத்த ஆயருக்கும், அடக்கத்தன்று பெட்டிக்குத் தோள் கொடுத்த பாய்க்கும், அவர் மனைவிக்கும் எங்கள் நன்றி.

எனக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். இதை நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.