தூக்கிய இடத்திலேயே

இந்த ஊரில் பாரம் தூக்குகிறவர்கள் அதை எங்கேயும் கொண்டுபோவதில்லை. தூக்கிய இடத்திலேயே திரும்ப வைக்கிறார்கள். ஐம்பத்திரண்டு வயதில், டொரொண்டோ ஜிம் ஒன்றில், நானும் வாரத்துக்கு மூன்று நாள் அந்தக் கூத்தை ஆடுகிறேன். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு தேய்கிறது என்றார் டொக்டர். பாரம் தூக்கினால் ஹார்மோன் திரும்பி வராதாம். ஆனால் எலும்பும் தசையும் உறுதிப்படுமாம். அதைக் கேட்டு அழுதேன். ஹார்மோனுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர் டிஷ்யூவை நீட்டினார்.

நான் அழுதது அக்காவுக்காக. ஏழு வருடங்களுக்கு முன், போர் நின்ற சமாதான காலத்தில் ஊருக்குப் பாதை திறந்ததும், பதினைந்து வருடங்களுக்குப் பிறகு, அவரைப் பார்க்க ஒட்டுசுட்டானுக்குப் போனேன். அக்காவுக்கு அப்போது ஐம்பது; மாதவிடாய் நின்று இரண்டு வருடம். ஆனாலும் விடிந்ததும் கிணற்றில் நாற்பது வாளி இழுத்துக் கத்தரிக்கு ஊற்றுவார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இனிப் பாரம் தூக்காதேங்கோ அக்கா. இந்த வயசில உடம்புக்கு ஓய்வு வேணும்."

"சும்மா இருந்தாத்தான் எனக்கு உடம்பு உளையும், பிள்ளை."

வெளிநாட்டுக்காரி அல்லவா, எனக்குத்தானே எல்லாம் தெரியும்! தண்ணீர் இறைக்கும் மெசின் வாங்கிக் கொடுத்தேன். வேலைக்கு ஒரு பெண்ணையும் ஒழுங்கு செய்தேன். வாளிக் கயிற்றை நானே அவிழ்த்தேன். பிறகு தொலைபேசியில் விசாரணை வேறு.

"பாரம் ஏதும் தூக்கினனீங்களோ?"

"இல்லையடி. நீ சொன்னபடி கதிரையிலதான் இருக்கிறன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது.

இந்த வருடம், 2009 தொடக்கத்தில், கடைசிப் போரின் ஷெல்லடிக்குள் ஊரே இடம்பெயர்ந்தபோது, ஒரு குடம் தண்ணீரோடு வாய்க்கால் வரம்பில் ஏறிய அக்கா விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அக்காவின் மகள் அவரை எப்படியோ உயிரோடு கொண்டுவந்து சேர்த்தாள். இப்போது பூவரசங்குளத்தில் உறவினர் வீட்டில் படுக்கையில் கிடக்கிறார், இன்னும் எழும்பவில்லை. "ஒரு குடத்தைத் தூக்கேலாமப் போச்சு, பிள்ளை" என்றார் தொலைபேசியில். என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஓய்வால்தான் முறிந்தது என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. நான்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று, பயிற்சி தருகிற பெண் கேட்டாள், உங்கள் நாட்டில் பெண்கள் பாரம் தூக்குவதில்லையா என்று. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன், "என் அக்கா தினமும் நாற்பது வாளி இழுத்தவர். நான்தான் நிறுத்தினேன்."

அவள் என் தோளைத் தட்டினாள். "எவ்வளவு அன்பான தங்கை நீங்கள்!"

மறுத்துச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. குனிந்து இரும்பைத் தூக்கினேன். பூவரசங்குளத்தில் அக்காவைப் புரட்டிப் படுக்கவைக்க மகளால் தனியே முடிவதில்லையாம். இப்போது என் கைகளில் அந்தப் பலம் இருக்கிறது. அதை இங்கே, தூக்கிய இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன்.