ஒண்ணுமில்லை என்றொரு கை

ஆவூரில் ஜெபமாலை வீடு எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுவார்கள். ஜெரோம் அக்கா வீடு என்று கேட்டுப் பாருங்கள், வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். நாற்பத்திரண்டு வயதில் சொந்தப் பெயரே மறந்துபோகிற அளவுக்குத் தம்பிக்காரனோடு ஒட்டிக்கொண்டவள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்றால், வருத்தமாவது ஒன்றாவது! உள்ளூர அவ்வளவு குளிர்ச்சி.

ஜெரோம் அவளுக்கு எட்டு வயது இளையவன். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. திருச்சியில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்தான். இப்போது கீரனூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை. ஓடுகிற மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தே எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துவிடுவான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஜெபமாலையோ கட்டிக்கொடுத்த இரண்டாம் வருடமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தையல் மிஷினோடு பிறந்த வீட்டுக்கே வந்தவள். மிச்சம் இருந்தது தம்பி ஒருத்தன்தான். டாக்டரோ, பாதரோ, கடை முதலாளியோ, அவனிடம் பேச வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிட வேண்டும். மீசையை முறுக்கினால் அப்பா, காதைத் தொட்டால் கம்மல் போட்ட அத்தை என்று அவளாக உண்டாக்கி வைத்திருந்த சைகைகளில் பேசுவாள்.

ஆனால் வந்த பேச்சையெல்லாம் அவனிடம் சேர்க்க மாட்டாள். கல்யாண வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஜெரோம் அவள் தோளைத் தட்டி, என்ன என்று புருவத்தைத் தூக்குவான். அவள் உள்ளங்கையைத் திருப்பி ஒரு உதறு உதறுவாள். ஒண்ணுமில்லை என்று அர்த்தம். அவன் கோபத்தில் முதலாளியைக் கையால் கிழி கிழியென்று கிழித்தால், "மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாண்ணே" என்பாள். நல்லதுக்குத்தானே செய்கிறோம் என்று நினைத்தாள். அப்படியே முப்பது வருடம் ஓடிவிட்டது.

நல்லதுக்கு இல்லாமல் செய்ததும் ஒன்று உண்டு. ஆறு வருடத்துக்கு முன் ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் ஏஞ்சல், அவளுக்கும் காது கேட்காது. அவள் அப்பா மரிய அந்தோணி ஐஸ் கம்பெனியில் ஃபோர்மேன். ஜெரோமைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போய், "மாப்பிள்ள இங்கிட்டே வந்துரட்டும். கம்பெனியில மோட்டார் வேலை இருக்கு" என்றார். ஜெபமாலைக்கு அது பிடிக்கவில்லை. எவளோ ஒருத்தி வந்து என் தம்பியை அள்ளிக்கொண்டு போவதா? மறுநாளே போன் போட்டு, தம்பிக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டாள். தம்பியிடம், அவர்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். ஜெரோம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவள் மீன் குழம்பு வைத்தாள், சாப்பிட்டான்.

அப்புறம்தான் ஸ்வீட்டி வந்து சேர்ந்தாள். எதிர்வீட்டுப் பெண், இருபத்தொரு வயது. புதுக்கோட்டையில் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஒரு வருடப் படிப்பில் சேர்ந்திருந்தாள். முதியோர் இல்லத்தில் ஒத்தாசை செய்வது, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது, மனு எழுதிக் கொடுப்பது, கூடவே சைகை மொழி. பழகிப் பார்க்க ஆள் வேண்டுமென்று ஜெரோமைத் தேடி வந்தாள். அவனும் பள்ளியோடு விட்டுப்போன சைகையையெல்லாம் அவளிடம் அவிழ்த்துக் கொட்டினான். அடேயப்பா, அந்தக் கைகளுக்குத்தான் என்ன வேகம்! ஒருநாள் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். முப்பது வருடத்தில் தம்பி இப்படிச் சிரித்து ஜெபமாலை பார்த்ததில்லை. தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"என்னடி அப்படிச் சிரிப்பு?"

"ஒண்ணுமில்லக்கா, சும்மா" என்றாள் ஸ்வீட்டி.

ஒண்ணுமில்லையா? என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் தம்பியோடு சிரித்துவிட்டு, எனக்கு ஒண்ணுமில்லையா? என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறார்கள் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, தைக்க வந்த ஒரு ஜாக்கெட்டை இடக்கை வலக்கை மாற்றித் தைத்துவைத்தாள்.

அடுத்த வருடம் ஜூன் மாதம் அதே கல்லூரியில் போய் அவளும் சேர்ந்தாள். சேவை செய்ய வந்தேன் என்று படிவத்தில் எழுதினாள். பொய். அந்தக் குட்டியை முந்தவேண்டும், அவ்வளவுதான். வாரம் மூன்று நாள் கீரனூர் போய் பஸ் மாறி, மகள் வயசுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சைகை வகுப்பு எடுத்த கார்முகில் சாருக்கும் காது கேட்காது. வகுப்பில் ஒருவரும் வாயைத் திறக்கக்கூடாது என்பது சட்டம். முப்பது வருட அனுபவம் என்று நெஞ்சை நிமிர்த்திப் போனவளுக்கு அங்கே ஒன்றும் ஓடவில்லை. மீசையை முறுக்கிக் காட்டினாள், பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். சார் ஏதோ சொல்ல, வகுப்பே குலுங்கியது. பக்கத்தில் இருந்த சத்யபிரியாவைத் தட்டி என்ன என்று கேட்டாள். சத்யபிரியா உள்ளங்கையைத் திருப்பி ஒரு உதறு உதறினாள்.

ஜெபமாலைக்குச் சுருக்கென்றது. கல்யாண வீடுகளும் தம்பியின் தூக்கிய புருவமும் வரிசையாக வந்து நின்றன. அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

அதற்காகத் திருந்திவிட்டாள் என்று நினைக்காதீர்கள். அழுகை ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். ஆனால் விழுந்து விழுந்து படித்தாள். சொல்வதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. உங்களைத் திட்டினாலும் அதை நீங்களே சொல்லவேண்டும் என்று சார் போர்டில் எழுதிப் போட்டதை நோட்டில் இரண்டு முறை எழுதினாள். முதல் வகுப்பில் தேறினாள். சான்றிதழைச் சட்டம் போட்டு, எதிர்வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற சுவரில் மாட்டினாள்.

அந்த மாதம்தான் காது கேளாதோர் சங்கக் கூட்டத்தில் ஜெரோம் ஏஞ்சலைப் பார்த்தான். அவளுக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நீதான் வேண்டாமென்றாய் என்று அவள் சொல்ல, இல்லை நீங்கள்தான் என்று இவன் சொல்ல, இரண்டு பேருக்கும் குழப்பம். வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை ஜெகதாப்பட்டினம் போய் அவள் அப்பாவிடமே கேட்கப்போகிறேன், பேசிச்சொல்ல ஸ்வீட்டியைக் கூட்டிக்கொள்கிறேன் என்றான்.

அன்று சொன்ன பொய் வெளியே வந்துவிடுமே என்று ஜெபமாலைக்குப் பயம். ஆனாலும் பொறாமை இருக்கிறதே, அது அந்தப் பயத்தையே தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது. "அவ எதுக்கு? நான் எதுக்குப் படிச்சேன்?" என்று கையாலும் வாயாலும் கத்தினாள். ஜெரோம் சரி என்றான்.

மரிய அந்தோணி வீட்டில் டீ கொடுத்தார்கள். ஏஞ்சல் அப்பா பக்கத்தில் நின்றாள். ஜெரோம் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு ஏன் வேண்டாமென்றீர்கள் என்று கேட்டான். ஜெபமாலை அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன தம்பி இப்படிக் கேக்குறீக? நாங்க எங்க வேண்டாம்னோம்? ஒங்க அக்காதானே போன் போட்டு, ஒங்களுக்கு இஷ்டமில்லைன்னாக!"

சொல்லிவிட்டுத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஜெரோம் அவள் தோளைத் தட்டினான். புருவம் தூக்கியிருந்தது.

உள்ளங்கையைத் திருப்பி ஒரு உதறு போதும். தடுக்க அங்கே ஸ்வீட்டி இல்லை. அவள் கை பாதி எழுந்தது. சத்யபிரியாவின் கை ஞாபகம் வந்தது. எழுந்த கையாலேயே சொன்னாள். நாங்கள் வேண்டாமென்று சொல்லவில்லை. உங்கள் அக்காதான் சொன்னாள்.

ஜெரோம் மரிய அந்தோணி பக்கம் திரும்பினான். ஒவ்வொரு சைகையாகப் போட்டான். ஜெபமாலை குரல் உடைய உடைய அதை அவர்களுக்குச் சொன்னாள்.

"என் அக்கா பொய் சொல்லிட்டா. ஆறு வருஷம் போச்சு. எனக்கு ஏஞ்சலைக் கட்டிக்கணும். இங்கிட்டே வந்து இருந்துக்கிறேன்."

மரிய அந்தோணி மகளைப் பார்த்தார். அவள் அதற்குள் அழுதுகொண்டே தலையாட்டிவிட்டாள். அப்புறம் அவளும் ஜெரோமும் பேச ஆரம்பித்தார்கள். கைகள் பறந்தன. படித்தது போதவில்லை, ஜெபமாலைக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. ஏஞ்சல் இவள் பக்கம் விரலைக் காட்டி ஏதோ கேட்டாள். அவன் ஏதோ சொன்னான். கண்ணீரோடு அவள் சிரித்துவிட்டாள்.

ஜெபமாலை தம்பியின் தோளைத் தொட்டாள். என்னடா?

ஜெரோம் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளங்கையைத் திருப்பி ஒரு உதறு உதறினான்.