மூன்று முறை தோற்றால் என் மகன்

அமெரிக்கர்கள் அந்த விளையாட்டை ஃபுட்பால் என்கிறார்கள். காலுக்கு அதில் பெரிய வேலை கிடையாது. தலைக்கவசம் போட்ட மலை மலையான ஆட்கள் முட்டிக்கொள்கிறார்கள், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், விழுகிறார்கள், எழுந்து மறுபடியும் முட்டுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பந்தை உதைப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஓரிருவரில் என் மகனும் ஒருவன்.

அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி, ரக்பியே உயிர் என்றிருக்கும் நாட்டில் நாங்கள் குடியேறிய மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில்தான் அவன் ரக்பி பந்தை உதைத்துப் பழகினான். அது பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் விழும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்கப் போனது நான். பள்ளிக்கூடத்துக் கோச் அவன் உதைப்பதைப் படமெடுத்து எங்கோ அனுப்பினார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று இலவசமாகப் படிக்கவைக்கிறோம் என்று கூட்டிக்கொண்டு போனது. படிப்பு முடிந்தால் வந்துவிடுவான் என்று இருந்தேன். முடிந்ததும் தொழில்முறை அணி ஒன்று பிடித்துக்கொண்டது. ஊரே வாழ்த்தியது. நான் கேசரி கிளறிக் கொடுத்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

அவன் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பத்து கஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்பு உண்டு. மூன்றிலும் முட்டி மோதிப் பார்த்து முடியாமல் போனால், நான்காவதில் பந்தை எதிரணியின் பக்கம் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் உதைத்து அனுப்பிவிடுவார்கள். அப்போதுதான் என் மகன் உள்ளே வருவான். உதைப்பான். போய்விடுவான். ஆக, அவன் அணி நன்றாக ஆடினால் அவனைப் பார்க்க முடியாது. சொதப்பினால் பார்க்கலாம்.

நான் சொதப்பலின் பக்கம் சாய்ந்துவிட்டேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

அங்கே ஞாயிறு மதியம் என்றால் இங்கே திங்கள் விடியல். கணவர் மேலே ஆபீஸ் சட்டை, கீழே லுங்கி என்று காலை மீட்டிங்குக்குத் தயாராக உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார். நான் காபியோடு பக்கத்தில். அவன் அணிக்காரன் பந்தோடு ஓட ஆரம்பித்தால் நான் டம்ளரைக் கீழே வைத்துவிடுவேன். யாராவது அந்த ஆளைக் கீழே தள்ளினால்தான் உயிர் வரும்.

“புடிச்சிட்டான்,” என்பேன் நிம்மதியாக.

“மகன் டீம் தோக்கணும்னு வேண்டிக்கிற ஒரே அம்மா நீதான்,” என்று கணவர் கடிந்துகொள்வார்.

“டீம் ஜெயிக்கணும்னு வேண்டிக்க அந்த ஊர் முழுக்க ஆளு இருக்கு. அவனைப் பாக்கணும்னு வேண்டிக்க நான் ஒருத்திதான இருக்கேன்.”

உள்ளே வரும்போது அவன் வலது கையைத் தொடையில் துடைத்துக்கொள்வான். பரீட்சைக்குக் கிளம்பும்போதும் அப்படித்தான் செய்வான். தலைக்கவசக் கம்பிக்குப் பின்னால் முகம் சரியாகத் தெரியாது. அந்தக் கை போதும் எனக்கு. பந்து மேலே போய் எங்கே விழுந்தது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எல்லோரும் பந்தைப் பார்க்கும்போது நான் அவனைத் தேடிக்கொண்டிருப்பேன்.

ஒரு வருஷம் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போடுவதாக வேண்டிக்கொண்டேன். அவன் அடிக்கடி களமிறங்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளையார் காது கொடுத்துக் கேட்டார். அந்த அணி வாராவாரம் திக்கித் திணறியது. என் மகன் உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்தான். வாக்குத் தவறாமல் கோயிலுக்குப் போனேன். இங்கே கண்ட இடத்தில் தேங்காய் உடைக்க முடியாது, பின்புறம் ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். உடைத்துவிட்டுத் திரும்பினால், பக்கத்துப் பகுதியான பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து வரும் யாழ்ப்பாணத்து அக்கா நின்றுகொண்டிருந்தார்.

“மகன்ட டீம் இந்த முறையும் தோத்துப்போச்சு எண்டு கதைச்சவை. கவலைப்படாதேங்கோ, அடுத்த முறை வெல்லுவினம்.”

“பரவால்லக்கா,” என்றேன், வாயெல்லாம் பல்லாக. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நவக்கிரகம் சுற்றப் போனார்.

அவனுடைய இன்னொரு வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் அணி இருக்கும் ஊரில் குழந்தைகளுக்கான பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. அணியோடு ஒருமுறை அங்கே போனபோது, தூரத்து ஊரிலிருந்து வந்த ஒரு தாய் தங்க இடமில்லாமல் காரிலேயே படுத்து எழுவதைப் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கி, அறை அறையாகச் சரிசெய்து, பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காசில்லாமல் தங்க ஏற்பாடு செய்தான். சக ஆட்டக்காரர்களையும் இழுத்துவிட்டான். விடுமுறை நாளில் அவனே போய்ச் சமைப்பான். யாரோ எடுத்த வீடியோ எனக்கும் வந்தது. இங்கே குடித்த டம்ளரைக்கூட எடுத்துப் போடாதவன், அங்கே ஏப்ரன் கட்டிக்கொண்டு முட்டை பொரித்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் தட்டை நீட்டுகிறான். அவள் அவன் தோளில் சாய்ந்து அழுகிறாள். அவன் முதுகைத் தட்டிக்கொடுக்கிறான்.

எனக்குப் பெருமைதான். பொறாமையும்தான்.

“ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்லுவாங்க,” என்றார் கணவர்.

“ஊரார் அம்மாவை ஊட்டி வளர்த்தா தன் அம்மா தானே வளருவாளா?”

 அவர் டிவி வால்யூமைக் கூட்டினார்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஒருமுறை வந்தான். வந்த மூன்றாம் நாளே ஊருக்கு வெளியே காய்கறித் தோட்டங்கள் இருக்கும் புக்கெகோஹியில், தோட்டத்து வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்குப் பந்து உதைக்கச் சொல்லித்தர வேண்டும் என்று கிளம்பிவிட்டான். நானும் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு கூடப் போனேன். மழை. காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அவனைப் பார்த்தேன். நான் கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில்தான் நின்றான். அப்போதும் எனக்கு ஏக்கம் அடங்கவில்லை. பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்காக ஏங்குவது கிறுக்குத்தனம் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் அந்த அணிகள் ஆட்களைக் கழித்துக்கட்டும். போன ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை காலை, கணவருடைய போனில் அவன் செய்தி வந்தது. அவனை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். சின்னவன் ஒருவன், இன்னும் தூரமாக உதைக்கிறவன், வந்துவிட்டானாம். கணவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு லீவு சொன்னேன். அவன் அறை ஜன்னலைத் திறந்து, மெத்தைக்கு வெயில் காட்டி, புது விரிப்புப் போட்டேன். கடைக்குப் போய்ச் சேப்பங்கிழங்கு வாங்கி வந்தேன். அவனுக்கு வறுவல் பிடிக்கும். இனி அவனைப் பார்க்க யாரும் தோற்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் அவனே கூப்பிட்டான்.

“எப்ப வர்ற?” என்றேன் எடுத்த எடுப்பில்.

“வரலம்மா. ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கிற நம்ம ஹவுஸ்ல இருக்கப் போறேன். அங்க ஃபுல் டைம் ஆள் வேணும்.”

“இங்க உனக்கு வீடு இல்லையாடா?”

 போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கிழங்கைத் தோலுரிக்க ஆரம்பித்தேன். 

“நீ வாம்மா,” என்றான். “ஒரு ரூம் காலியா இருக்கு.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அது பிள்ளைக்கு முடியாம ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற அம்மாவுக்கு வச்சிருக்கிற ரூம். நான் எதுக்குடா அதுல?”

“நானும் நல்லா இல்லம்மா.” அவனுடைய தமிழ் எப்போதும் தட்டுத் தடுமாறி வரும். அன்று ஒவ்வொரு சொல்லாக வந்தது. “சின்ன வயசுல இருந்து இது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். எப்ப எடுத்துடுவாங்களோன்னு ஒரு வாரமா தூக்கம் இல்ல. நீ வந்து இரேன்.”

அவன் போன நாளிலிருந்து வா வா என்று கூப்பிட்டதெல்லாம் நான்தான். அவன் என்னைக் கூப்பிட்டது இதுவே முதல் முறை. கையில் பாதி தோலுரித்த கிழங்கோடு நின்றேன். காலையில் எனக்கு வந்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

“வர்றேன்டா,” என்றேன்.

கணவர் அடுக்களை வாசலில் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருப்பார்.

“என்னங்க, டிக்கெட் பாருங்க.”

“திரும்பி வர்றது எப்போன்னு போடட்டும்?”

“போறதுக்கு மட்டும் பாருங்க. திரும்புறதை அவன் நல்லாத் தூங்கினதுக்கப்புறம் பாத்துக்கலாம்.”