பிரிட்ஜ்தான் மன்னர், வாஷிங் மெஷின்தான் மூத்த ராணி

என் அக்காவுக்கு வாய் அதிகம் என்று சொல்பவர்கள் அவள் கையைப் பார்த்ததில்லை. வாய் ஒரு பக்கம் ஓடும், தையல் மெஷின் ஒரு பக்கம் ஓடும். இரண்டில் எது முதலில் நிற்கும் என்று பந்தயம் கட்டினால் தோற்றுத்தான் போவோம். ஆஸ்பத்திரிகளுக்குத் தலையணை உறையும் திரைச்சீலையும் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். கழுத்தில் அளவு நாடா தொங்காமல் நான் அவளைப் பார்த்தது அவள் கல்யாணத்தன்று மட்டும்தான். எங்காவது நூல் தொங்கினால் அவளுக்குப் பொறுக்காது. கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தாலும் பல்லால்தான் கடிப்பாள்.

அத்தான் சுற்றுலா வழிகாட்டி. ஊரைத் தாண்டி ஒன்றரை மணி நேரப் பயணத்தில் பழைய அரச குடும்பத்தின் கல்லறைகள் இருக்கின்றன. பெரிய வாசல், நீண்ட தோட்டம், அதன் நடுவே ஒரு மாளிகை, அதற்குள் சமாதிகள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவர்களுக்கெல்லாம் சுற்றிக் காட்டும் மனிதர், கட்டின பெண்டாட்டியை ஒரு நாள் கூட அங்கே அழைத்துப் போனதில்லை. கேட்டால், "அங்க என்ன இருக்கு? வெறும் கல்லு" என்பார்.

இந்த விஷயத்தில் எனக்கு அத்தான் மேல் தீராத கடுப்பு. நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று நின்று, யார் எதை மறைக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தப் பேச்சு வந்தாலே அத்தானின் முகம் ஒரு தினுசாகப் போகும். பெண்டாட்டி தையல்காரி என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிறார் என்று நானாகவே முடிவு கட்டி வைத்திருந்தேன். "நீயே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துட்டு வாயேன்" என்று அக்காவிடம் சொன்னால், "கூப்பிடாத இடத்துக்கு நான் ஏன் போகணும்?" என்பாள். வீம்பில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இத்தனைக்கும் அந்த இடத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அத்தானுக்கு மறதி பயம். தினமும் காலையில் கிளம்பும் முன் முழுப் பேச்சையும் வீட்டுக்குள்ளேயே ஒரு முறை நடந்து, சொல்லிப் பார்த்துக்கொள்வார். கூடத்தில் பிரிட்ஜ்தான் மன்னர். வாஷிங் மெஷின் மூத்த ராணி. சாப்பாட்டு மேசை படைத்தளபதி. ஜன்னலோரம் அக்காவின் தையல் மெஷின் இருக்கும் இடம்தான் இளைய ராணி. கையை நீட்டி, "இதோ, இங்கே உறங்குபவர் மாமன்னர்" என்று பிரிட்ஜைக் காட்டுவார். அடுத்த தெருவிலிருந்து காலை டீக்கு வரும் நான் அந்த நேரம் பார்த்துப் பால் எடுக்கப் போனால் முறைப்பார். காலையில் எனக்குக் கடை இருப்பதால் பாதி வரைக்கும்தான் கேட்டிருக்கிறேன். அக்காவுக்கோ மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டுக் கேட்டு முழுவதும் மனப்பாடம்.

அதிலும் இளைய ராணி என்றால் அவளுக்கு உயிர். "அவ ஒருத்திதான்டி எனக்குப் பிடிச்சவ. ராணியா இருந்தும் நம்மள மாதிரியே இருந்திருக்கா பாரேன்" என்று பெருமையாகச் சொல்வாள்.

போன மாதம் ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாக போன் வந்தது. "உங்க அத்தானுக்குக் குரலே போயிடுச்சு. ஏதாவது மாத்திரை எடுத்துட்டு ஓடி வா."

போய்ப் பார்த்தேன். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. "மூணு நாள் வாயைத் திறக்கக் கூடாது அத்தான். மாத்திரையெல்லாம் இன்னைக்கே வேலை செய்யாது" என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாற்பது பேர் வருகிறார்கள். மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்த பயணம். சீசன் நேரம், வேறு வழிகாட்டி யாருக்கும் ஓய்வில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு குழுவையும் கைவிட்டதில்லை என்பதுதான் அத்தானின் ஒரே பெருமை.

அக்கா அளவு நாடாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "நான் பேசறேன். நீங்க உங்க கைடு கொடியைப் பிடிச்சுட்டு முன்னால நடந்தா போதும்."

அத்தான் நோட்டில் 'வேண்டாம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

"ஏன் வேண்டாம்?"

அத்தான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அக்கா ஒன்றும் பேசவில்லை. டீ பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். வைத்த சத்தத்தில் மேல் வீட்டுக் கதவு திறந்தது. பிறகு டம்ளர். பிறகு தட்டு. இரண்டாவது தட்டு விழுவதற்குள் அத்தான் கொடியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார். மறுத்துப் பேசக் குரல் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.

"எனக்கு மன்னரும் வேண்டாம், மாளிகையும் வேண்டாம்" என்றாள் அக்கா, கொடியின் ஓரத்தில் தொங்கிய நூலைக் கடித்துத் துப்பி, அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு. "அந்த இளைய ராணி முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் நிக்கணும். இருபத்திரண்டு வருஷமாக் காதால கேட்டாச்சு. இன்னைக்குக் கண்ணால பார்க்காம திரும்ப மாட்டேன். நீயும் கடைக்கு லீவு சொல்லிட்டு வாடி."

விடுவேனா? அத்தான் எதை மறைக்கிறார் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

பஸ்ஸில் நாற்பது ஆசிரியர்களும் சுற்றுலா போகும் பிள்ளைகள் மாதிரிதான் இருந்தார்கள். ஜன்னல் சீட்டுக்கு ஒரு சண்டை, ஆரஞ்சுப் பழத் தோல் வீச்சு, பின் சீட்டில் பாட்டு. ஒருவர் மட்டும் முன்னால் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். கணக்கு வாத்தியாராம். அவர் தொப்பியில் நூல் பிரிந்திருந்ததை அக்கா பார்த்துவிட்டாள். நான் தடுப்பதற்குள் தொப்பி அவள் வாய்க்குப் போய்த் திரும்பி அவர் தலைக்கு வந்துவிட்டது. பஸ்ஸே சிரித்தது. அக்காவின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பிள்ளை போல உட்கார்ந்திருந்தார்.

வாசலில் காவலாளி அத்தானின் அடையாள அட்டையைப் பார்த்தார், அக்காவின் கழுத்தைப் பார்த்தார். "சாருக்கு அட்டை இருக்கு. அம்மாவுக்கு என்ன, நாடாவா?"

"அவருக்குக் குரல் போச்சு. இன்னைக்கு அவர் வாய் நான்தான்" என்றாள் அக்கா.

"தினமும் வீட்டுல அப்படித்தானே இருக்கும்?" என்று சிரித்துவிட்டு, இதை விடக்கூடாது என்று அவரும் கூடவே வந்துவிட்டார்.

அக்கா பேச ஆரம்பித்தாள். எங்கே உளறிவிடுவாளோ என்று பார்த்தேன். ஆனால் அவளுக்கு வாசலின் உயரம், கல் வந்த மலை, கட்டி முடிக்க ஆன வருஷம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அத்தானின் குரல் ஏறும் இடத்தில் ஏறினாள், நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள். அவர் தொண்டையைச் செருமும் இடத்தில் அவளும் செருமினாள். வாத்தியார்கள் கேள்வி கேட்பார்கள் என்று பார்த்தால் வாயை மூடிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். தோட்டத்து நடைபாதையில் வெயில் சுள்ளென்று அடித்தது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் அக்காவா இது என்று யாரையாவது பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் போல இருந்தது.

மாளிகைக்குள் நுழைந்ததும்தான் சறுக்கினாள். நேரே இடது பக்கம் போய், பெரிய சமாதி ஒன்றின் முன் கையை நீட்டினாள். "இதோ, இங்கே உறங்குபவர் மாமன்னர்! ஒன்பது போர்களில் வென்றவர், பத்தாவதில் ஜலதோஷத்தால் இறந்தவர்!"

கணக்கு வாத்தியார் குனிந்து பலகையைப் படித்தார். "அம்மா, இதுல படைத்தளபதின்னு போட்டிருக்கே."

அக்கா கண்ணை மூடினாள். விரலால் காற்றில் கோடு போட்டாள். சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட, போன வருஷம் பிரிட்ஜை மாத்தி வச்சோமே! பிளக் பாயின்ட் கெட்டுப்போச்சுன்னு மேசை இருந்த இடத்துக்குத் தள்ளினோம். மன்னிச்சுக்குங்க, மன்னர் அந்தப் பக்கம்."

விளக்கம் கேட்டார்கள். சொன்னாள். அதன் பிறகு நாற்பது பேருக்கும் கொண்டாட்டம்தான். "அப்ப இது வாஷிங் மெஷினா?" என்று மூத்த ராணி முன்னால் ஒரு தமிழாசிரியை பயபக்தியுடன் கேட்டார். காவலாளி சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இனி ஒரே ஒருத்தர்தான் பாக்கி. இளைய ராணி. ஜன்னலோரம்" என்றாள் அக்கா. அளவு நாடாவைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அத்தான் அவள் முன்னால் வந்து நின்றார். கொடியை வெளி வாசல் பக்கம் ஆட்டினார். கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். சாப்பிடுவது போல வாயில் விரலைக் குவித்துக் காட்டினார். கடைசியில் அவள் முழங்கையைப் பிடித்தே இழுத்தார். எனக்கு வந்ததே கோபம். "அத்தான், வழியை விடுங்க! அவ இதுக்காகத்தானே வந்தா?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. நான் இரக்கப்படவில்லை. அவர் கை தளர்ந்து விலகியது.

இளைய ராணியின் சமாதி சின்னது. வேலைப்பாடு எதுவும் இல்லாத வெள்ளைக் கல். ஆனால் அந்த மாளிகையிலேயே நல்ல வெளிச்சம் அங்கேதான் விழுந்தது. அக்கா குனிந்து கல்லை உள்ளங்கையால் ஒரு முறை தடவினாள், துணியின் சுருக்கத்தை நீவுவது போல. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"இங்கே இருப்பவர் இளைய ராணி. இவர் சிரித்தால் மூன்று அறைக்குக் கேட்கும். கோபம் வந்தால் பேச மாட்டார், அவர் கையிலிருக்கும் பாத்திரங்கள் பேசும். பட்டாடையில் நூல் பிரிந்தால் தோழிகளைக் கூப்பிட மாட்டார், தானே பல்லால் கடித்துவிடுவார். மன்னர் இவரைக் கேட்காமல் எடுத்த முடிவு ஒன்றுகூட உருப்பட்டதில்லை. போருக்குப் போன இடத்தில், இவர் பக்கத்தில் இல்லாமல் மன்னருக்குத் தூக்கம் வராது. உலகமே மன்னரைப் பார்க்க வந்தது, மன்னர் இவரைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்."

கணக்கு வாத்தியாரின் பென்சில் பாதியில் நின்றுவிட்டது. அவர் தன் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பலகைப் பக்கம் போய் வாய்விட்டுப் படித்தார். "இளைய அரசி. பெயர் தெரியவில்லை. இவரைப் பற்றிய குறிப்புகள் எதுவும் கிடைக்கவில்லை."

"நானும் பத்து வருஷமாக் கேக்கறேன். சார் இங்க அந்த ஒரு வரியத்தான் சொல்வாரு. இதெல்லாம் புதுசா இருக்கே!" என்றார் காவலாளி.

அக்கா பலகையைப் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். அவர் காது இரண்டும் சிவந்து தரையைப் பார்த்து நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் விழுந்த தட்டு, கொடியின் நூல், பஸ்ஸில் தனியாகக் கேட்ட சிரிப்பு, இந்தப் பலகைக்குப் பயந்து அவளை அவர் அழைத்து வராதது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. இருபத்திரண்டு வருஷம் இந்த மனிதரை மனதுக்குள் திட்டித் தீர்த்ததற்காக என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

கணக்கு வாத்தியார் விடவில்லை. "சார், விவரமெல்லாம் நல்லா இருக்கு. ஆனா ஆதாரம்?"

அத்தான் நிமிர்ந்தார். நோட்டைத் தேடவில்லை. கையிலிருந்த கொடியை மெதுவாக உயர்த்தி, அக்காவைச் சுட்டிக் காட்டினார்.

நாற்பது பேர் கை தட்டியதில் மாளிகைப் புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன. தமிழாசிரியை மூக்கை உறிஞ்சினார். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். "அடப்பாவி மனுஷா" என்றாள். பிறகு சிரித்தாள். மூன்று அறை என்ன, தோட்டம் வரைக்கும் கேட்டது.

நான்காம் நாள் அத்தானுக்குக் குரல் திரும்பியது. அன்று காலை நான் வேண்டுமென்றே கடைக்குத் தாமதமாகப் போனேன். பிரிட்ஜைச் சொன்னார், வாஷிங் மெஷினைச் சொன்னார், மேசையைச் சொன்னார். ஜன்னலோரம் வந்து கையை நீட்டினார். அக்கா மிதியிலிருந்து காலை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மெஷின் நின்றது. கன்னத்தில் கை வைத்து அவரையே நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்கே இருப்பவர் இளைய ராணி" என்று ஆரம்பித்த அத்தானுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை ஞாபகம் வரவில்லை. விழித்துக்கொண்டு நின்றார்.

"இவர் சிரித்தால்..." என்று அக்காதான் எடுத்துக் கொடுத்தாள்.