வெண்கோளைப் பற்றி அம்மாவின் அபிப்பிராயம்

சூடேறிய தூசியின் வாசனைதான் முதலில் வரும். ரோஸி டீச்சர் தொலைக்காட்சிப் பெட்டியின் மரக்கதவை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்து, குமிழைத் திருகிவிட்டு ஓரமாக நின்றுகொள்வார். படம் தெரிய ஒரு நிமிடம் ஆகும், அந்த ஒரு நிமிடத்தில் பெட்டிக்குள்ளிருந்து லேசாகக் கருகிய ஒரு வாசனை கிளம்பி வந்து, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் மூக்கைத் தொடும். விண்வெளியின் வாசனையே அதுதான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போதும் எங்காவது பழைய மின்சாதனம் ஒன்று சூடாகி அந்த வாசனை வந்தால், கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு மனம் தன்பாட்டுக்கு மிதக்கத் தொடங்கிவிடும்.

மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில் அப்போது தொலைக்காட்சி இருந்தது டீச்சர் வீட்டில் மட்டும்தான். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ‘வெண்கோள்’ என்றொரு தொடர் வரும். பூமியிலிருந்து நான்கு பேர் ஒரு வெள்ளைக் கோளுக்குப் போகிறார்கள். அங்கே ஒன்றுமே முளைக்காது என்று எல்லோரும் சொல்ல, தாரணி என்ற பெண் விஞ்ஞானி மட்டும் ஒரு செடியை முளைக்க வைத்துவிடுகிறாள். விண்கப்பலின் சுவர் தெர்மோகோல், கட்டுப்பாட்டுப் பலகையில் மின்னியவை சீரியல் பல்புகள் என்று இன்று எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். எங்களுக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை. எடை இல்லாத இடம் என்பதைக் காட்ட அவர்கள் கையையும் காலையும் மெதுவாக, தண்ணீருக்குள் நடப்பது போல அசைப்பார்கள். தொடர் முடிந்து வீடு திரும்பும்போது நாங்களும் அப்படியே நடந்து, பத்தடி தூரத்தைக் கால் மணி நேரமாக்குவோம்.

“இது நம்ம திரிசூலம் கல்குவாரிதானே? அந்தப் பாறைய எனக்குத் தெரியும்ப்பா” என்று முதல் வாரமே கண்டுபிடித்தவர் டீச்சரின் கணவர் பீட்டர் அங்கிள். மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிவிட்டு இறங்கி வந்த கையோடு அதைச் சொன்னார். “வேற கோள்னு சொல்றான்ல, பேசாம நம்புங்க” என்று டீச்சர் அவரை அடக்கினார். நான் இரண்டையும் நம்பினேன். மின்சார ரயிலில் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தெரியும் அந்தக் குன்றைப் பார்த்து, தாரணி இப்போது அங்கே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

டீச்சர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. தொடர் முடிந்ததும் பெட்டியின் கதவை மூடுவார், கையில் ஒரு தபால் அட்டையும் பேனாவுமாக வாசற்படியை மறித்து உட்கார்ந்துகொள்வார். “பாத்தவங்க சொல்லணும்” என்பார். பெரியவர், சிறியவர் எல்லோரும் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் சொன்னால்தான் வெளியே போக முடியும். அதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி நிலையத்துக்கு எழுதிப் போடுவார். புதன்கிழமை மாலை நேயர் கடித நிகழ்ச்சியில் அவற்றில் சில வாசிக்கப்படும். ஒரே ஆளின் கடிதத்தை அடுத்தடுத்து வாசிக்க மாட்டார்கள் என்பதால், வாரத்துக்கு ஒரு வீட்டாரின் பெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்புவது டீச்சரின் வழக்கம். யாரிடமும் கேட்டதில்லை. தொலைக்காட்சியில் பெயர் வருவதை வேண்டாம் என்று சொல்ல யாராவது இருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அந்த அபிப்பிராயங்களை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. “எல்லாம் சரி, அவங்க எங்க குளிக்கிறாங்க?” என்று ஒருத்தர் வாரா வாரம் கேட்பார். கை வைத்த ஒரே நாற்காலியில் உட்காரும் என் அப்பா, “விஞ்ஞானப்படி பார்த்தா” என்று ஆரம்பித்தால், பீட்டர் அங்கிள் நைசாக எழுந்து மாடிக்குப் போய்விடுவார். அம்மாவின் முறை வந்தால் “நல்லா இருந்துது” என்பாள், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் டீச்சர் விடவில்லை.

“அது மரியாதை, வசந்தா. நான் கேட்டது அபிப்பிராயம்.”

அம்மா முந்தானை நுனியைச் சுருட்டியபடி யோசித்து, “அந்தச் செடி என்ன செடின்னு ஏன் யாருமே கேக்கல?” என்றாள். டீச்சர் அதைத்தான் அந்த வாரம் எழுதினார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அம்மாவின் முகமே வேறாக இருந்தது. மதியமே வேலைகளை முடித்துவிடுவாள், தொடர் ஓடும்போதே சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வாள்.

அந்த மாதம்தான் அம்மாவுக்கு வேலை உத்தரவு வந்தது. கல்யாணத்துக்கு முன்பே டைப்பிங்கில் ஹையர் முடித்தவள். எப்போதோ எழுதிய தேர்வு பலித்து, கிண்டியில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. உத்தரவு அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. “பார்க்கலாம்” என்றார் அப்பா. எங்கள் வீட்டில் “பார்க்கலாம்” என்றால் என்ன அர்த்தம் என்று ஏழு வயதிலேயே எனக்குத் தெரியும். சேர வேண்டிய கடைசி நாள் ஒன்று அந்தக் காகிதத்தில் இருந்ததும், அம்மா தினமும் ஒருமுறை அதை எடுத்துப் பார்த்ததும் எனக்குத் தெரியும்.

அப்படியிருக்கும்போதுதான் தொடரில் அந்த இடம் வந்தது. மீட்புக் கப்பல் வந்து இறங்குகிறது, எல்லோரும் திரும்ப வேண்டும் என்பது உத்தரவு. தாரணிக்குப் பூமியில் கணவனும் ஒரு சின்னப் பெண்ணும் இருக்கிறார்கள். செடிக்காக அங்கேயே இருப்பதா, பெண்ணுக்காகத் திரும்புவதா? தொடரும் என்று போட்டுவிட்டார்கள். அறையே கொதித்தது. “பெத்த புள்ளய வுட்டுட்டு செடியக் கட்டிக்கினு அழுவாளா?” என்று ஒரு குரல். “விஞ்ஞானப்படி பார்த்தாலும், குடும்பப்படி பார்த்தாலும் அவ திரும்பித்தான் ஆகணும்” என்றார் அப்பா. எல்லோரும் தலையாட்டினார்கள்.

வழக்கமாக யோசித்துச் சொல்லும் அம்மா அன்று யோசிக்கவில்லை. “அவ அங்கயே இருக்கட்டும்” என்றாள். “அங்க அவ இல்லன்னா அந்தச் செடி செத்துடும். இங்க அவ இல்லன்னா எல்லாரும் பழகிடுவாங்க.”

டீச்சரின் பேனா மட்டும் ஓடியது.

அந்தப் புதன்கிழமை, “தாம்பரத்திலிருந்து திருமதி வசந்தா எழுதுகிறார்” என்று ஆரம்பித்து, அந்த வார்த்தைகளை அப்படியே, இனிமையான குரலில் ஓர் அறிவிப்பாளர் வாசித்தார். எங்கள் சந்துக்கு வெளியேயும் ஊரே கேட்டது. மறுநாள் காலை டீக்கடையில் அப்பாவைப் பார்த்து, “இன்னா சார், அக்கா வேற கோளுக்குப் போறாங்களாமே, ஊட்டுல சோறு யாரு வடிக்கறது?” என்று ஒருத்தர் கேட்டு வைத்தார். வேடிக்கைக்குக் கேட்டதுதான். அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

“ஊருக்கே சொல்லிட்டியா?”

“நான் தாரணியப் பத்திதாங்க சொன்னேன்.”

“யாரப் பத்திச் சொன்னன்னு எனக்குத் தெரியாதா?”

அப்பா கெட்டவர் இல்லை. அன்று அவருக்கு நிஜமாகவே வலித்தது என்று இப்போது புரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு “பார்க்கலாம்” என்ற சொல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. சனிக்கிழமை யாரும் டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டாம் என்றார். டீச்சர் வந்து, “நல்ல வார்த்தையாச்சேன்னுதான் எழுதினேன் வசந்தா, உன் பேரப் போட்டிருக்கக் கூடாது” என்று கண் கலங்கினார். கடைசி இரண்டு வாரங்களை நாங்கள் பார்க்கவில்லை. தாரணி என்ன செய்தாள் என்று எந்தத் தோழியிடமும் நான் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிவது தப்பு என்று பட்டது. வேலையில் சேர வேண்டிய கடைசி நாளும் ஓசையில்லாமல் போயிற்று. அம்மா வேலைக்குப் போகாமல் போனதற்கு அப்பாதான் காரணம் என்று அன்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். அவர் இறந்த அன்றுகூட அது அழிந்திருக்கவில்லை.

டீச்சர் வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. நாங்கள் சப்பணமிட்ட தரை கார் நிற்கும் இடமாகிவிட்டது. அபிப்பிராயம் சொல்லாமல் போகக் கூடாதென்று வாசலை மறிக்க யாருமில்லை. நானும் அம்மாவும் ஊரப்பாக்கத்தில் நான்காவது மாடியில் இருக்கிறோம். போன மாதம் ஒரு மாலை, கைபேசியில் எதையோ தேடப்போய் ‘வெண்கோள்’ அகப்பட்டது. யாரோ புண்ணியவான் பழைய ஒளிநாடாவிலிருந்து முழுத்தொடரையும் ஏற்றியிருந்தார். அடியில் வரிசையாகக் கருத்துகள்: ‘தெர்மோகோல்ல என்னமா எடுத்திருக்காங்க’, ‘இதப் பாத்துதான் நான் சயின்ஸ் படிச்சேன்’, ‘தாரணி செஞ்சது தப்பு, அவளெல்லாம் ஒரு அம்மாவா?’. கடைசிக் கருத்துக்குக் கீழே முப்பது பேர் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் அவள் இருந்துவிட்டாளா?

அம்மாவை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, கடைசிப் பகுதியைப் போட்டேன். இருந்துவிட்டாள். கப்பல் கிளம்புகிறது, வெள்ளைப் புழுதி மெல்ல அடங்குகிறது, செடிக்குப் பக்கத்தில் தாரணி நின்றுகொண்டே இருக்கிறாள், பின்னால் திரிசூலத்துப் பாறை. “பாத்தியாம்மா, நீ சொன்னதுதான்!” என்றேன். வென்றுவிட்டாற்போல் ஒரு சந்தோஷம். அப்பா இருந்திருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“நானும் போனேன், தெரியுமா?” என்றாள்.

“எங்க?”

“கிண்டிக்கு. கடைசி நாள் அன்னிக்கு. அப்பா ஆபீஸ் போனதும் நல்ல புடவையா எடுத்துக் கட்டிக்கிட்டு டிரெயின் ஏறிட்டேன். வர்றது வரட்டும்னு. கேட் வரைக்கும் போயிட்டேன்.”

“அப்புறம்?”

“அன்னிக்கு உனக்குப் பரீட்சை. அரை நாள்தான் ஸ்கூல். வீடு பூட்டியிருந்தா நீ பயப்படுவேன்னு அந்த கேட்டுகிட்ட நிக்கிறப்போதான் தோணுச்சு. வந்துட்டேன்.” குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்ததைச் சொல்வது போல் சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருப்பதாக எழுந்து போனாள்.

நான் கைபேசியைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தத் தொடரின் பல்புகள்கூட எனக்கு நினைவிருக்கின்றன, யார் யார் என்ன சொன்னார்கள் என்பது வரிவரியாக நினைவிருக்கிறது. பரீட்சை எழுதிவிட்டு வெயிலில் ஓடிவந்த அந்த மதியம், கதவைத் திறந்த அம்மா நல்ல புடவையில் இருந்தாளா என்பது மட்டும், எவ்வளவு யோசித்தும், எனக்கு நினைவுக்கு வரவில்லை.